திரை இறங்கிய கூடங்கள் – 9: ஆறாயிரம் கார்களுக்கு நடுவே ஒரு தியேட்டர்

பாஸ்டனிலிருந்து மேற்கே, வொர்செஸ்டர் நோக்கிப் போகும் 9-ஆம் எண் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் சென்றால் ஃபிரேமிங்ஹாம் வரும். மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். 1948-இல் இந்த ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து பரிசோதித்துத்தான் இரத்தக்கொதிப்பும் கொழுப்பும் சிகரெட்டும் மாரடைப்புக்கு இட்டுச்செல்வதை அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1951 அக்டோபர் 4 அன்று, அதே ஊரில் வேறொரு சோதனை தொடங்கியது. ஊர்நடுவை விட்டு விலகி, நெடுஞ்சாலை ஓரத்தில், ஆறாயிரம் கார்கள் நிற்கக்கூடிய இடத்தோடு 'ஷாப்பர்ஸ் வேர்ல்டு' என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. அந்த வளாகத்துக்குள்ளே ஒரு சினிமா தியேட்டரும் வந்தது.

புறநகர் வணிக வளாகத்துக்குள் அமைந்த தியேட்டர் என்பது இன்று உலகெங்கும் சாதாரணம். அன்று அப்படியில்லை. மேற்குக் கரையில் சியாட்டிலின் நார்த்கேட் வளாகத்திலும் அதே 1951-இல் ஒரு தியேட்டர் வந்தது. அமெரிக்காவில் இந்த வகையின் முதல் சிலவற்றில் ஃபிரேமிங்ஹாம் தியேட்டரும் ஒன்று. கட்டடக்கலை நூல்களில் ஷாப்பர்ஸ் வேர்ல்டுக்குத் தனி இடம் உண்டு. அதன் தியேட்டருக்குக் கிடைப்பது ஓரிரு வரிதான். எனக்கோ அந்த வளாகத்தில் மிக முக்கியமான கட்டடம் அதுதான். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய தியேட்டர் நிறுவனம் ஒன்று வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் திரை விதையாக இருந்தது. அதைக் கட்ட வைத்தது எந்தக் கணக்கோ, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து இடிக்க வைத்ததும் அதே கணக்கு. அந்தக் கணக்கில் சினிமாவுக்குச் சின்ன பங்குதான் இருந்தது. பெரிய பங்கு நிலத்துக்கு.

கதையைப் புரிந்துகொள்ள 1948 மே 3-க்குப் போக வேண்டும். அன்று திங்கட்கிழமை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளை அளித்தது. சட்ட வரலாற்றில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். புறநகர் தியேட்டரின் வரலாற்றிலோ அவற்றைப் பிரிக்கவே முடியாது.

முதலாவது பாரமவுண்ட் வழக்கு. பாரமவுண்ட், லோயஸ், ஆர்.கே.ஓ., வார்னர், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஆகிய ஐந்து நிறுவனங்கள் படத்தையும் எடுத்தன, விநியோகமும் செய்தன, பெரிய நகரங்களின் முக்கியமான தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தன. புதுப் படம் முதலில் நகர நடுவில் இருக்கும் அவர்களுடைய மாளிகைகளில்தான் வெளியாகும். நம் விநியோகஸ்தர்கள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பிரித்துவைத்ததைப் போல அங்கேயும் வரிசை உண்டு; ஆனால் அங்கே ஏ சென்டரின் கல்லாவும் படத்தின் நெகடிவும் ஒரே முதலாளியிடம் இருந்தன. அக்கம்பக்கத்துச் சிறு தியேட்டர்காரர் தன் முறை வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல படம் ஒன்று வேண்டுமென்றால் அதோடு நாலு சுமாரான படங்களையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். இந்தக் கட்டமைப்பு சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். தியேட்டர்களைத் தயாரிப்பு நிறுவனங்களிலிருந்து பிரிக்கும் வேலை அதைத் தொடர்ந்து நடந்தது. நகர நடுவில் இடம் இல்லாத ஒரு தனி முதலாளியும் புதுப் படத்தை முதல் ரிலீஸில் கேட்கலாம் என்ற நிலை மெல்ல உருவானது.

இரண்டாவது ஷெல்லி வழக்கு. செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டின் பழைய பத்திரத்தில், இதை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை அமல்படுத்த எந்த நீதிமன்றமும் துணை போகக் கூடாது என்று தீர்ப்பானது. தீர்ப்பு தெளிவாக இருந்தது. நடைமுறை வேறு வழியில் போனது. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசின் அமைப்பு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை அபாயமானவை என்று பல ஆண்டுகளாக வகைப்படுத்தி வந்திருந்தது. அந்தப் பழக்கம் ஒரு தீர்ப்பால் போய்விடவில்லை. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்குக் குறைந்த வட்டியில் வீடு கிடைத்தது. அவர்களில் வெள்ளையருக்கே புறநகர் திறந்திருந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய சட்டம் 1968-இல்தான் வந்தது.

ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகளில், புறநகருக்குப் படப்பெட்டி போக வழி திறந்த தீர்ப்பு சில ஆண்டுகளிலேயே பலித்தது. புறநகருக்கு மனிதர்கள் போக வழி திறக்க வேண்டிய தீர்ப்பு இருபது ஆண்டுகள் இழுத்தது. வணிக வளாகத் தியேட்டரின் முதல் தலைமுறைப் பார்வையாளர்கள் யார், யார் இல்லை என்பதை இந்த இடைவெளி தீர்மானித்தது. அந்த இருக்கைகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

இனி ஃபிலிப் ஸ்மித். பாஸ்டனில் சினிமா தியேட்டர் தொழிலில் பழகியவர். சென்ற பகுதியில் டிரைவ்-இன் பற்றிப் பார்த்தோம்: 1933 ஜூன் 6-இல் நியூ ஜெர்சியின் கேம்டன் அருகே ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் தொடங்கிய அந்த வெட்டவெளிக் கொட்டகை பத்தே ஆண்டுகளில் நாடெங்கும் பரவத் தொடங்கியது. அதை ஒரு தொழிலாகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட முதல் சிலரில் ஸ்மித் ஒருவர். 1930-களின் இறுதியில் டெட்ராய்ட்டிலும் கிளீவ்லாந்திலும் அவர் டிரைவ்-இன்கள் திறந்தார். கார்கள் சற்றே மேல்நோக்கி நிற்கும்படி மண்ணை வளைவு வளைவாக மேடாக்கும் முறைக்கு ஹாலிங்ஸ்ஹெட் காப்புரிமை வாங்கியிருந்தார். அது செல்லாது என்று 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கமான தியேட்டரில் இருக்கைகளை வளைவாகவும் சரிவாகவும் போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது நீதிபதிகளின் பார்வை. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் டிரைவ்-இன் கட்டலாம் என்றானது.

டிரைவ்-இன் நடத்தியவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும், நகர நடுவில் மாளிகை நடத்தியவருக்குத் தெரியாது. ஜனங்கள் காரில் வருகிறார்கள். காரை நிறுத்த இடம் இருந்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் வருவார்கள். ஆனால் பாஸ்டன் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில் டிரைவ்-இன்னுக்கு இரண்டு சங்கடங்கள். குளிர்காலத்தில் பனி கொட்டும். கடையை மூடிவிட வேண்டும். கோடையிலோ சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் மறையும். அதுவரை திரையில் எதுவும் தெரியாது. கூரையும் வேண்டும், பார்க்கிங்கும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று 1951-இல் அவருக்குக் காட்டியது ஷாப்பர்ஸ் வேர்ல்டு; அதன் தியேட்டரைத் திறந்தவர் அவர்தான்.

அந்த வளாகத்தை வடிவமைத்த மாரிஸ் கெச்சம் நியூயார்க்கில் கடை முகப்புகளை வரைந்து பேர் வாங்கியவர். 'ஷாப்ஸ் அண்ட் ஸ்டோர்ஸ்' என்ற அவருடைய நூல் 1948-இல் வெளிவந்தது. பழைய கடைத்தெருவில் காரும் மனிதரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடமாடுவதை அவர் ஒழிக்க நினைத்தார். கார்களை வெளிப்புறத்தில் வளையமாக நிறுத்தினார். நடுவே நீண்ட புல்வெளி. அதன் இருபுறமும் இரண்டு அடுக்குகளில் கடைகள். முன்னால் மழை படாத நடைபாதை. நியூ இங்கிலாந்தின் பழைய கிராமங்கள் ஒவ்வொன்றிலும் நடுவில் ஊர்ப் பொதுவான புல்தரை ஒன்று இருக்கும். மரம் நட்டு, பாதை போட்டு, அந்தச் சாயலை இங்கே கொண்டுவந்தவர் சிட்னி ஷர்கிளிஃப் என்ற நிலவடிவமைப்பாளர். ஒரு முனையில் பாஸ்டனின் பழம்பெரும் பல்பொருள் அங்காடியான ஜோர்டன் மார்ஷின் கிளை, பெரிய வெள்ளைக் குவிமாடத்தோடு நின்றது. படங்களில் பார்த்தால் பறக்கும் தட்டு ஒன்று தரையிறங்கியதைப் போலத் தெரியும் அந்தக் குவிமாடம்தான் பின்னாளில் ஊரின் அடையாளமாகவே ஆனது.

இதில் தியேட்டருக்கு என்ன வேலை? வளாகத்தின் சொந்தக்காரர்கள் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று பார்ப்போம். ஆறாயிரம் கார்களுக்கான இடம் பகலில் நிறையும். கடைகள் மூடியதும் காலி. தார் போட்ட அத்தனை ஏக்கர் நிலமும் இரவில் ஒரு காசு ஈட்டாது. தியேட்டருக்குக் கூட்டம் வருவதோ இரவில். கடைக்காரர்களின் வாடிக்கையாளர்களோடு அது இடத்துக்குப் போட்டி போடாது. மாறாக, படம் பார்க்க வருகிறவர் கடைகளின் கண்ணாடி முகப்புகளைத் தாண்டித்தான் நடந்தாக வேண்டும். மறுபக்கம், தியேட்டரால் செருப்புக் கடையைப் போலச் சதுர அடிக்கு வாடகை தர முடியாது. டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு, குறிப்பாக முதல் வாரங்களில், விநியோகஸ்தருக்குப் போய்விடும். தியேட்டர்காரர் கையில் நிற்பது பாப்கார்னும் குளிர்பானமும் தரும் காசு. ஆகவே வளாகத் தியேட்டருக்கு வாடகை எப்போதும் மலிவு. கூட்டத்தை இழுப்பதற்கான விலையாக நிலச் சொந்தக்காரர் அந்த மலிவை ஏற்றுக்கொள்கிறார். அவர் ஏற்கும் வரைக்கும்தான் தியேட்டருக்கு ஆயுள்.

மாசசூசெட்ஸுக்கே உரிய இன்னொரு சூழலும் இருந்தது. அந்த மாநிலத்தில் பியூரிட்டன் காலத்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்கள் வெகுநாள் உயிரோடு இருந்தன. பெரும்பாலான கடைகள் ஞாயிறன்று திறக்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில்தான் இந்தத் தடை முழுதாகத் தளர்ந்தது. சினிமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை அனுமதி உண்டு. ஆனால் படம் கர்த்தரின் நாளுக்குப் பொருத்தமானதா என்று மாநிலப் பொதுப் பாதுகாப்பு ஆணையர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். சனிக்கிழமை எந்தத் தடையும் இன்றி ஓடிய படம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தகாதது என்று நிறுத்தப்படலாம். கேம்பிரிட்ஜின் பிராட்டில் தியேட்டர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது. ஆல்ஃப் ஷோபெர்க் இயக்கிய 'மிஸ் ஜூலி' என்ற ஸ்வீடன் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. பேச்சுரிமையை முன்கூட்டியே தடுக்கும் சட்டம் இது, செல்லாது என்று மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1955-இல் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைச் சினிமா தணிக்கையின் வரலாற்றில் வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வளாகத் தியேட்டருக்கு அதனால் கிடைத்த லாபத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைகள் சட்டப்படி பூட்டிக் கிடக்கும் நாளில், எந்தப் படத்தையும் ஓட்டும் உரிமையோடு தியேட்டர் திறந்திருக்கிறது. குடும்பமாக ஓய்வாக இருக்கும் ஒரே நாள் அது. ஆறாயிரம் கார்களுக்கான இடம் முழுக்க அந்த ஒரு திரைக்கு. நகர நடுவில் எந்த மாளிகைக்கும் இப்படியொரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்ததில்லை.

இவ்வளவு இருந்தும் வளாகம் முதலில் தடுக்கி விழுந்தது. மறுமுனையில் வர வேண்டிய இரண்டாவது பெரிய அங்காடி வரவே இல்லை. 1954-இல் ஷாப்பர்ஸ் வேர்ல்டைக் கட்டிய நிறுவனம் திவாலானது. நாடெங்கும் இதைப் பார்த்து வணிக வளாகம் கட்ட நினைத்தவர்கள் தயங்கினார்கள் என்றால் ஆச்சரியமில்லை. தயக்கத்தைப் போக்கியதில் அதே 1954-இன் வருமான வரிச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. கட்டடம் லாபத்தில் ஓடினாலும் வரிக் கணக்கில் நஷ்டம் காட்டலாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பதைவிட, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டுவது முதலீட்டாளருக்கு லாபமானது. தெருமுனைத் தியேட்டர்கள் நசிந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்வது நம் பழக்கம். வரிச் சட்டத்தின் அந்தச் சிறு பிரிவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊரும் வளர்ந்தது. 1951-இல் பாஸ்டனைச் சுற்றி வளைக்கும் 128-ஆம் எண் சாலையின் முக்கியப் பகுதி திறந்தது. 1957-இல் மாசசூசெட்ஸ் சுங்கச்சாலை வந்து ஃபிரேமிங்ஹாமைத் தொட்டது. 1950-இல் சுமார் 28,000 பேர் இருந்த ஊரில் 1960-இல் 44,000 பேர், 1970-இல் 64,000. புதிதாக வந்தவர்களுக்கு, ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்த ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய ஊர்நடுவோடு உறவு குறைவு. அவர்களுக்குத் தெரு என்றால் 9-ஆம் எண் சாலை, சினிமா என்றால் அந்தச் சாலையோரத்து வளாகம்.

நாட்டின் போக்கோ நேர் எதிராக இருந்தது. 1946-இல் அமெரிக்காவில் வாரத்துக்குச் சுமார் 9 கோடி டிக்கெட் விற்றது. 1970 வாக்கில் அது 2 கோடிக்கும் கீழே இறங்கியது. தியேட்டர்கள் ஆயிரக்கணக்கில் மூடிய அதே இருபத்தைந்து ஆண்டுகளில்தான் ஃபிலிப் ஸ்மித்தின் நிறுவனம் வணிக வளாகம் வணிக வளாகமாகத் தியேட்டர் திறந்துகொண்டே போனது. 1960-இல் 'ஜெனரல் டிரைவ்-இன்' என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு ஃபிலிப் ஸ்மித் காலமானார். ஹார்வர்டில் பொறியியல் படித்த மகன் ரிச்சர்ட் ஸ்மித் பொறுப்பேற்றார். 1964-இல் 'ஜெனரல் சினிமா' என்று பெயர் மாறியது. 1970-களில் அமெரிக்காவின் மிகப் பெரிய தியேட்டர் நிறுவனம் அதுதான். தலைமையகம் செஸ்ட்நட் ஹில்லில், அதே 9-ஆம் எண் சாலையில் இருந்தது.

அவர்கள் கட்டிய தியேட்டர்களில் பால்கனி இல்லை, தங்க முலாம் இல்லை, சிற்பம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் பெட்டி. உள்ளே நல்ல இருக்கை, சுத்தமான கூடம், நீளமான பாப்கார்ன் கவுன்டர். பல தியேட்டர்களில் திரைக்கு முன் சீலையே கிடையாது. மெல்லிய ஒளி படரும் சட்டத்துக்குள் திரை மிதப்பது போல அமைத்திருந்தார்கள். 1920-களின் மாளிகைகளை நேசிக்கும் விமர்சகர்கள் இந்தப் பெட்டிகளை வெறுத்தார்கள். அவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. குழந்தைக்கு ஜுரம் வந்தால் பத்து நிமிடத்தில் வீடு திரும்பலாம், வண்டி நிறுத்தக் காசு இல்லை, கோட்டும் டையும் போட வேண்டாம் என்பதெல்லாம் ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய விடுதலை! அந்த எளிமைக்கும் ஒரு கண்ணியம் இருந்தது.

1963-இல் கதை ஒரு கணம் மேற்கே தாவுகிறது. மிசூரி மாநிலம் கான்சாஸ் சிட்டியில், வார்டு பார்க்வே வணிக வளாகத்தில், ஸ்டான்லி டர்வுட் என்பவர் ஜூலை 12 அன்று 'பார்க்வே ட்வின்' தியேட்டரைத் திறந்தார். ஒரு கூடத்தில் 400 இருக்கை, மற்றதில் 300. டிக்கெட் கொடுக்க ஒரே ஜன்னல், பாப்கார்னுக்கு ஒரே கவுன்டர். ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை ஒட்டவைக்கும் யோசனை அதற்கு முன்பே உண்டு; கனடாவின் ஆட்டவா நகரில் எல்ஜின் தியேட்டருக்குப் பக்கத்தில் நாட் டெய்லர் 1947-லேயே 'லிட்டில் எல்ஜின்' கட்டியிருந்தார். டர்வுட் அதை வணிக வளாகத்தின் கணக்கோடு சேர்த்தார். ஒரு படம் தோற்றால் மற்றது காப்பாற்றும். ஆட்ட நேரங்களை மாற்றி வைத்தால் ஒரே பணியாளர்கள் இரு கூட்டத்தையும் கவனிக்கலாம்.

இதற்குத் தொழில்நுட்பமும் கைகொடுத்தது. அதுவரை இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று சுமார் இருபது நிமிடம் ஓடும். அது முடியும் கணத்தில் ஆபரேட்டர் பக்கத்து புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டும். கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு திரையை விட்டு அவர் நகர முடியாது. ஜெனான் விளக்கு வந்ததும் குச்சி போனது. படம் முழுவதையும் ஒட்டி ஒரே வட்டத் தட்டில் சுற்றிவைக்கும் முறை வந்ததும் ரீல் மாற்றுவதும் போனது. ஒரே ஆபரேட்டர் நாலைந்து திரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். நுட்பமான கைவேலை ஒன்று சத்தமில்லாமல் மறைந்தது. அந்தக் கைகளுக்கு உரிய மரியாதையை எந்தச் சினிமா வரலாறும் இன்னும் முழுதாகச் செலுத்தவில்லை.

டர்வுட்டின் நிறுவனம் பின்னர் 'அமெரிக்கன் மல்ட்டி-சினிமா', சுருக்கமாக ஏ.எம்.சி., ஆனது. அவர் வழியைப் பார்த்து எல்லோரும் இருக்கும் கூடங்களை வெட்டத் தொடங்கினார்கள். ஃபிரேமிங்ஹாமின் 1951 தியேட்டரும் தப்பவில்லை. பெரிய திரைக்காகச் சரிவு கொடுத்துக் கட்டிய கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? இருக்கைகள் பழைய திரையைப் பார்த்து வளைந்திருக்கும். புதுத் திரை ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். பக்கத்துக் கூடத்தில் விமானம் வெடித்தால் இங்கே காதலர்கள் பேசுவது கேட்காது. அமெரிக்கா முழுக்க ஒரு தலைமுறையே இப்படிப் படம் பார்த்தது.

ஆனாலும் அந்தத் தலைமுறைக்குத்தான் இன்னொரு பெருமையும். 1975 ஜூன் 20-இல், மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் எடுக்கப்பட்ட 'ஜாஸ்' நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியானது; தொலைக்காட்சியில் நாடு தழுவிய விளம்பரம். நகர நடுவில் முதல் ரிலீஸ், பிறகு படிப்படியாக வெளியே என்ற பழைய வரிசை உடைந்தது. 1948-இன் பாரமவுண்ட் தீர்ப்பு சட்டத்தில் கொடுத்ததை, புறநகர்த் திரைகளின் எண்ணிக்கை நடைமுறையில் வாங்கிக் கொடுத்தது.

அந்த உச்சத்திலேயே ஜெனரல் சினிமாவின் கவனம் சிதறிவிட்டது என்பது என் கணிப்பு. பாப்கார்னோடு விற்ற பானத்தின் லாபத்தைக் கண்டவர்கள் 1968-லேயே பெப்சி நிரப்பும் ஆலைகளை வாங்கினார்கள். பிறகு சன்கிஸ்ட் ஆரஞ்சு பானம். பிறகு நீமன் மார்கஸ் ஆடம்பரக் கடைகள். 1989-இல் பான ஆலைகளைப் பெப்சிகோவிடமே விற்று, 1991-இல் ஹார்கோர்ட் பதிப்பகத்தை வாங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைகள் ஈட்டிய பணம் இப்படியே வெளியே ஓடியது. 1993 இறுதியில் தியேட்டர்களைத் தனி நிறுவனமாகப் பிரித்து விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் ஷாப்பர்ஸ் வேர்ல்டுக்குப் பக்கத்திலேயே, ஊர் எல்லையைத் தாண்டிய இடத்தில், 1966-இல் நாட்டிக் மால் வந்திருந்தது. முழுக்கக் கூரை, குளிருக்கு வெப்பம், வெயிலுக்கு ஏ.சி. ஜனவரி பனியில் கெச்சமின் திறந்த புல்வெளியைச் சுற்றி நடக்க ஆள் குறைந்தது. 1983-க்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் கடைகளுக்குப் போய்விட்டன. தியேட்டருக்கென்று இருந்த அந்தத் தனி நாள் முடிந்தது. 9-ஆம் எண் சாலையோரத்து நிலத்தின் விலை 1951-இல் யாரும் கனவு காணாத உயரத்துக்கு ஏறியது. மலிவு வாடகைக்கு ஒரு பழைய தியேட்டரையும், காசு தராத ஒரு புல்வெளியையும் தாங்கிக்கொள்ள நிலத்தின் சொந்தக்காரருக்கு இனி காரணம் இல்லை.

1994-இல் இடித்தார்கள். குவிமாடம், இரண்டடுக்கு நடைபாதை, புல்வெளி, தியேட்டர் எல்லாம் போயின. அதே இடத்தில் வரிசையாகப் பெருங்கடைகள். ஒவ்வொன்றின் வாசலுக்கு நேரே பார்க்கிங். மனிதரையும் காரையும் பிரிக்க வேண்டும் என்ற கெச்சமின் மூலக் கருத்துக்கு அங்கே இடமே இல்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: ஷாப்பர்ஸ் வேர்ல்டு. அதற்குள் ஜெனரல் சினிமாவே புதிதாகப் பல திரைத் தியேட்டர் ஒன்றும் கட்டியது.

அந்தப் புதுக் கட்டடம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் 1990-இல் சுமார் 23,000 திரைகள். 2000-இல் சுமார் 37,000. முன்வரிசைத் தலை மறைக்காத படிக்கட்டு இருக்கைகளோடு பெருந்தியேட்டர்கள் வந்ததும், பழைய பெட்டிகளை மக்கள் கைவிட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குப் போட்ட நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன. கூட்டம் இல்லாத தியேட்டருக்கும் இன்னும் பல ஆண்டு வாடகை கட்ட வேண்டும். அந்த ஒப்பந்தங்களிலிருந்து வெளிவரச் சட்டம் வைத்திருந்த வழி, திவால் மனு. கார்மைக், எட்வர்ட்ஸ், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்று 2000-இல் ஒன்றன்பின் ஒன்றாகப் போனார்கள். அக்டோபரில் ஜெனரல் சினிமாவும் போனது. மலிவு வாடகையில் பிறந்த நிறுவனத்தை, கட்ட முடியாத வாடகை சாய்த்தது.

2002-இல் மிச்சம் இருந்ததை ஏ.எம்.சி. வாங்கியது. கான்சாஸ் சிட்டியில் 400 இருக்கையும் 300 இருக்கையுமாக ஆரம்பித்த அதே ஏ.எம்.சி. ஸ்டான்லி டர்வுட் அதைப் பார்க்க இல்லை, 1999-இல் இறந்துவிட்டார். ஃபிரேமிங்ஹாமின் புதுத் தியேட்டர் 16 திரைகளோடு ஏ.எம்.சி. பெயர்ப் பலகைக்கு மாறியது.

பழைய வளாகங்களின் குத்தகையை விழுங்கிய அந்தப் பெருந்தியேட்டர் அலை எங்கே தொடங்கியது? 1995 மே மாதம், டெக்சாஸின் டல்லஸ் நகரில், 24 திரைகளோடு ஏ.எம்.சி. திறந்த 'கிராண்ட்'. பதினைந்தே ஆண்டுகளில் ஏ.எம்.சி. அதையும் மூடிவிட்டது. அடுத்த பகுதியில் அங்கே போவோம்.